குண்டு விழும் ஊரில் பள்ளிக்கூடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் நடக்கும் இடத்தில் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஆசிரியர்களும் பெற்றோரும் முகாம்களில் வேலை செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. சில கேள்விக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு அப்படி முடியவில்லை.

உயிர் பிழைத்தாலே பெரிய காரியம் என்றிருக்கும்போது பள்ளிக்கூடம் எதற்கு?

பெரும்பாலும் தூரத்தில் இருப்பவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். முகாமுக்கு வந்து சேர்ந்த தாய், தண்ணீர் எங்கே, படுக்க இடம் எங்கே என்று விசாரித்த கையோடு, பள்ளிக்கூடம் உண்டா என்றும் விசாரித்துவிடுவாள்.

பள்ளியை மூடினால் பிள்ளைகள் வீட்டுக்குள் பத்திரமாக இருப்பார்கள் என்று நினைக்கிறோம். இருக்கமாட்டார்கள். 1939 செப்டம்பர் 1 தொடங்கி மூன்றே நாளில் பிரிட்டன் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவைத்தது. அதில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். நகரப் பள்ளிகளை மூடினார்கள், பல கட்டடங்களை வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். எதிர்பார்த்த குண்டுவீச்சோ உடனே வரவில்லை. 1940 ஜனவரிக்குள் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் தெருவில் சுற்றினார்கள். வேறு வழியில்லாமல் ஆசிரியர்கள் யார் யாருடைய வீட்டு முன்னறையிலோ சின்னச் சின்னக் கூட்டமாக உட்காரவைத்துப் பாடம் நடத்தவேண்டி வந்தது. போர்க்காலப் பள்ளி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அந்த முன்னறைதான் நல்ல மாதிரி. ஆள் குறைவு, நேரம் குறைவு, வீட்டுக்குப் பக்கம். இந்தப் பக்கம் முழுக்க இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறோம்.

இன்னொரு காரணம் உண்டு. ஆயுதக் குழுவுக்கு ஆள் சேர்ப்பவன், பிள்ளையைக் கூலி வேலைக்கு இழுத்துப்போகிறவன், பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கொண்டுவருகிறவன், இவர்கள் எல்லோருக்கும் வசதியானது பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளை. காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருந்து, வராத பிள்ளையின் வீட்டுக்கு மாலைக்குள் ஆள் அனுப்பினால், அந்தப் பிள்ளையைச் சத்தமில்லாமல் தூக்கிப்போக முடியாது. ஒரு பழைய நோட்டும் பேனாவும்தான் செலவு.

அப்படியானால் எந்த நிலைமையிலும் பள்ளியைத் திறந்துவைக்க வேண்டுமா?

கூடாது. "பள்ளியை மூடவே மாட்டோம்" என்று வீரம் பேசுகிற தலைமையாசிரியரைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கும். பக்கத்தில் பீரங்கி நிறுத்தியிருக்கிறார்கள், வரும் வழியில் சண்டை, பதுங்குமிடத்தில் எல்லோருக்கும் இடமில்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குப் பள்ளி இல்லை.

மூன்றாவதுதான் அதிகம் மறக்கப்படுவது. உங்கள் பள்ளியில் 400 பிள்ளைகள், பதுங்குமிடத்தில் 90 பேருக்கு இடம் என்றால், ஒரு வேளைக்கு 90 பேர்தான் உங்கள் பள்ளி. உக்ரைனில் 2022 செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது இந்தக் கணக்கைத்தான் வைத்தார்கள். பதுங்குமிடம் உள்ள பள்ளியில் மட்டும் நேரடி வகுப்பு, இடம் போதாவிட்டால் ஷிஃப்ட், இடமே இல்லாவிட்டால் இணைய வழியில்.

இன்று உண்டா இல்லையா என்பதை ஒரே ஆள், ஒரே நேரத்தில், விடிந்ததும் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு செய்தி பரவி, பாதிப் பிள்ளைகள் வழியில் நிற்பதைவிட ஆபத்து வேறில்லை.

கட்டடம் இடிந்துவிட்டது. எங்கே நடத்துவது?

போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ 1992 முதல் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் முற்றுகையில் இருந்தது. அங்கே அடுக்குமாடி வீடுகளின் அடித்தளத்திலும் மாடிப்படிகளிலும் வகுப்பு நடந்தது. மாடிப்படிக்கு ஜன்னல் குறைவு, சுற்றிலும் சுவர். படிகளே பெஞ்சு. மேல் படியில் பெரியவர்கள், கீழ்ப் படியில் சின்னவர்கள், நடுத்தளத்தில் ஆசிரியர் நின்றால் எல்லோருக்கும் முகம் தெரியும். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் தெருவைக் கடக்காமலே பள்ளிக்கு வந்துவிடலாம். துப்பாக்கிக்காரன் குறிபார்த்து உட்கார்ந்திருக்கும் நகரத்தில் தெருவைக் கடக்காமல் இருப்பதுதான் பெரிய பாதுகாப்பு.

உக்ரைனின் கார்கிவ் நகரம் ரஷ்ய எல்லையை ஒட்டி இருக்கிறது. ஏவுகணை வந்து விழ ஒரு நிமிடம்கூட ஆகாது, சைரன் அடித்து ஓடுவதெல்லாம் நடக்காது. அதனால் 2023 செப்டம்பரில் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள்ளேயே வகுப்பறை அமைத்தார்கள். 2024 மே மாதத்தில் நிலத்துக்கடியில் கட்டிய முதல் பள்ளி அங்கே திறந்தது.

காசு இல்லாதவர்களும் செய்திருக்கிறார்கள். 1960-களில் வடக்கு வியட்நாமில் பெரிய பள்ளிகளைப் பிரித்து ஊர் ஊராகச் சிதறவைத்தார்கள். வகுப்பைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, சுற்றிலும் மண்சுவர் எழுப்பி, உள்ளிருந்தே பதுங்குகுழிக்கு வாய்க்கால்போல வழி வெட்டினார்கள். பிள்ளைகள் வைக்கோலைத் தடிமனாகப் பின்னிய தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள், கொத்துக்குண்டின் சிதறல் தலையில் பாயாமலிருக்க. எரித்திரியாவில் விடுதலைப் போரின்போது மரத்தடியிலும் குகையிலும் பள்ளி நடந்தது, மேலே பறக்கும் விமானத்தின் கண்ணில் படாமல்.

இவற்றில் எதையும் அப்படியே நகல் எடுக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் சுவர் தடிமனாக, ஜன்னல் குறைவாக, பிள்ளைகளின் வீட்டுக்குக் கிட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தூரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் கிராமத்துக்குள்ளேயே சிறு பள்ளிகள் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. பள்ளி ஒரு மைல் தள்ளிப்போகப் போக, சேரும் பிள்ளைகள் 16 சதவீதப் புள்ளி குறைந்தார்கள், அதிகம் விடுபட்டவர்கள் பெண்பிள்ளைகள். பெரிய பள்ளி ஒன்றைவிடச் சின்னது ஐந்து மேல். ஒன்றில் குண்டு விழுந்தாலும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பதுங்குமிடம் எப்படி இருக்க வேண்டும்?

நல்ல நிலவறை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் இரண்டு வழி இருக்கவேண்டும், ஒன்று அடைபட்டால் இன்னொன்று. ஒரே வாசல் உள்ள நிலவறை எலிப்பொறி.

நிலவறை இல்லையா? வெளிப்புறத்துக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கட்டும். முதல் சுவர் வெடியின் வேகத்தை வாங்கும், இரண்டாவது சிதறலைத் தடுக்கும். வீட்டு நடுவில் இருக்கும் நடை, மாடிப்படிக்கு அடி, இதெல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். நேராக மேலே விழுந்தால் இது காப்பாற்றாது. பக்கத்தில் விழுவதற்குத்தான்.

குழி வெட்டுவதானால் நேராக நீட்டாமல் வளைத்து வெட்டுங்கள். ஒரு முனையில் வெடித்தது மறுமுனைவரை ஓடாது. மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா, சின்னப் பிள்ளை தானே ஏறி வரமுடியுமா என்றும் பாருங்கள்.

காயப்படுத்துவதில் கண்ணாடிக்குப் பெரிய பங்கு. ஜன்னலில் டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாது என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. உடையும். சில்லு கொஞ்சம் குறைவாகப் பறக்கலாம், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பலகை அடிப்பதும், மணல் மூட்டை அடுக்குவதும், முடியாவிட்டால் பிள்ளைகளை ஜன்னலுக்குத் தள்ளி உட்காரவைப்பதும்தான் உருப்படியான வேலை.

பிறகு ஒத்திகை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். ஆனால் வேகமாக ஓடும் பையனை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். காலில் கட்டுப் போட்டிருக்கும் பிள்ளை, தம்பியைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளை, காது கேட்காத பிள்ளை எப்போது உள்ளே வருகிறதோ அதுதான் உங்கள் நேரம்.

சைரன் அடித்தால் பாடம் என்ன ஆகும்?

பாதியில் நிற்கும். அதற்கேற்றபடிதான் பாடத்தைப் பிரிக்க வேண்டும். 45 நிமிடப் பாடவேளை போர்க்காலத்துக்கு ஒத்துவராது. 20 நிமிடத்தில் ஒன்றைச் சொல்லி, செய்யவைத்து, முடித்துவிடுங்கள். சைரன் வந்தாலும் கையில் முடிந்த ஒன்று இருக்கும்.

கிளம்பும்போது ஆசிரியர் எடுக்கவேண்டியது ஒரு பை. அதில் வருகைப் பதிவேடு, தண்ணீர், டார்ச், கட்டுத்துணி, விசில், பெற்றோரின் தொலைபேசி எண்கள் எழுதிய தாள். எண்களைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள், சார்ஜ் போய்விடும். ஆசிரியர் கடைசியாக உள்ளே வருகிறார், பெயர் கூப்பிடுகிறார். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று தலையை எண்ணிவிட்டு விடாதீர்கள். இன்னொரு வகுப்புப் பையன் உங்கள் கூட்டத்தில் புகுந்திருந்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், உங்கள் பையன் வெளியே இருப்பான்.

உள்ளே புதுப் பாடம் எடுக்காதீர்கள், மண்டையில் ஏறாது. தெரிந்த பாட்டு, வாய்ப்பாடு, விடுகதை, சொல் விளையாட்டு இவைதான் அங்கே. பிள்ளைகள் ஒரே குரலில் சேர்ந்து ஏதாவது சொல்லும்போது மூச்சு தானாகச் சீராகிறது. கதையைப் பாதியில் நிறுத்திவைத்து, "மிச்சம் அடுத்த சைரனுக்கு" என்று சொன்னால் சிரிக்கிற வகுப்பும் உண்டு. சைரன் அடங்கியதும் ஒரு பத்து நிமிடம் ஓடி விளையாட விட்டுவிட்டு வகுப்பைத் தொடங்கலாம்.

எல்லாப் பாடங்களையும் நடத்த முடியாதே. எதை விடுவது?

வாசிப்பு, எழுத்து, கணக்கு. இந்த மூன்றையும் விடாதீர்கள். இவை கையில் இருந்தால் மற்றதைப் பிள்ளை பின்னால் பிடித்துவிடும். அடுத்து, உயிர் காக்கும் பாடம்: வெடிக்காத குண்டைக் கண்டால் தொடாதே, கிட்டே போகாதே, வந்த தடத்திலேயே திரும்பு, பெரியவர்களிடம் சொல். இதை வாரம் ஒருமுறை கேள்வி கேட்டுச் சொல்லவைக்க வேண்டும். இரும்புத் துண்டு பொறுக்கி விற்கும் பிள்ளைகள் உள்ள ஊரில் தினமும். விளையாட்டையும் ஓவியத்தையும் ஆடம்பரம் என்று வெட்டிவிடாதீர்கள். அவற்றுக்காகவே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டு தவறவிட்ட பிள்ளைக்கு வேறு வழி வேண்டும். பதின்மூன்று வயதுப் பையனை இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தால் மறுவாரம் வரமாட்டான். சிரியாவில் இப்படிப்பட்டவர்களுக்காக ஓராண்டில் இரண்டு வகுப்புப் பாடத்தை முடிக்கும் சுருக்கப் பாடத்திட்டம் ஒன்றை யுனிசெஃப் உதவியுடன் கொண்டுவந்தார்கள். வேறு இடங்களிலும் இதே யோசனைதான் வேலை செய்கிறது: வயது ஒத்தவர்களோடு உட்காரவை, தேவையானதை மட்டும் வேகமாக ஓட்டு.

புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை...

யுனிசெஃப் 'பெட்டிக்குள் பள்ளி' என்று ஒன்று அனுப்புகிறது. ஓர் ஆசிரியருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் வேண்டிய நோட்டு, பென்சில், கத்தரிக்கோல், சாக்பீஸ் எல்லாம் ஓர் உலோகப் பெட்டியில். கூடவே ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் இருக்கும். பெட்டி மூடியின் உட்புறத்தில் அதைப் பூசினால் அதுவே கரும்பலகை. அந்தப் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பழைய கதவு, தகரம், மேசையின் மேல்பலகை, எதிலும் பெயின்ட் நிற்கும். பெயின்ட் இல்லாவிட்டால் சுவரும் கரித்துண்டும்.

இணைய வழியிலேயே நடத்திவிட்டால் என்ன?

மின்சாரமும் சிக்னலும் கைபேசியும் இருந்தால் நடத்துங்கள். ஒன்றுமில்லாததற்கு அது நூறு மடங்கு மேல். உக்ரைனில் கொரோனா காலத்தில் பழகியது போர்க்காலத்தில் கைகொடுத்தது. ஆனால் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு கைபேசி என்றால் யாருக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், பெரும்பாலும் கடைசியாக அது போவது பெண்பிள்ளையிடம். சின்ன வகுப்புகளுக்கு எழுத்துக் கற்பிக்க இணையம் அநேகமாகப் பயன்படாது.

நடுவழி ஒன்று உண்டு: அச்சடித்த பயிற்சித்தாள். வாரம் ஒருநாள் ஓர் ஆள் கொண்டுபோய்க் கொடுத்து, போன வாரத்துத் தாளைத் திருத்தி வாங்கிவருவது. சிரியாவில் முற்றுகைக்குள் இருந்த பிள்ளைகளுக்காகத் தானே படிக்கும் பாடநூல்கள் தயாரித்தது இந்த வகைதான். வானொலியையும் மறக்காதீர்கள், பேட்டரியில் ஓடும்.

வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதைப் படம் பிடித்து உடனே இணையத்தில் போடாதீர்கள். நன்கொடையாளருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில் நிறையப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள்.

ஆசிரியருக்குச் சம்பளம்?

போர்க்காலப் பள்ளிகளை உடைப்பதில் குண்டுக்குச் சளைக்காதது இந்தப் பிரச்சினை. ஏமனில் 2016 இறுதியிலிருந்து பல மாகாணங்களில் லட்சக்கணக்கான அரசு ஊழியர்களோடு ஆசிரியர்களின் சம்பளமும் நின்றுபோனது. கட்டடம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

எதிர் உதாரணம் இலங்கை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தைக் கொழும்பே கொடுத்துவந்தது. இரு தரப்பும் பலவற்றில் ஒத்துப்போகாத காலத்திலும் இந்தக் குழாய் அடைபடாமல் இருந்தது. சமாதானப் பேச்சு நடத்துகிறவர்கள் இப்படிப்பட்ட சின்ன உடன்பாடுகளுக்கு முதலிடம் கொடுத்தால் நல்லது.

உதவி செய்ய நினைப்பவர்களுக்கும் இதே பதில். பைகளும் கலர் பென்சிலும் எல்லோரும் அனுப்புகிறார்கள். ஆசிரியருக்கு மாதப்படி கொடுக்கத்தான் ஆளில்லை.

பள்ளியில் படையினர் வந்து தங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பள்ளிக் கட்டடத்தை வேண்டுமென்றே தாக்குவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டப்படி (1998) போர்க்குற்றம். ஆனால் அங்கே ஓர் 'ஆனால்' இருக்கிறது: அது ராணுவ இலக்காக இல்லாதவரை. படையினர் உள்ளே புகுந்த நிமிடமே அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காண்கிறது. அதனால்தான் 2015 மே மாதம் ஆஸ்லோவில் 'பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம்' வந்தது. பள்ளியை ராணுவம் பயன்படுத்தாமல் தவிர்ப்போம் என்று இதுவரை 120 நாடுகளுக்கு மேல் ஏற்றிருக்கின்றன. இது ஒப்பந்தம் இல்லை, வாக்குறுதிதான். பிலிப்பைன்ஸில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பள்ளியை ராணுவத்துக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. சத்தீஸ்கரில் பள்ளிகளை விட்டுப் பாதுகாப்புப் படைகள் வெளியேறவேண்டும் என்று 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பள்ளிகள்மீது திரும்பத் திரும்பத் தாக்குதல் நடத்துகிறவர்களின் பெயரை ஐ.நா. பொதுச்செயலாளரின் ஆண்டு அறிக்கைப் பட்டியலில் சேர்க்க வழிசெய்ததும் அதே 2011-தான். பாதுகாப்பு மன்றத்தின் 1998-ஆம் எண் தீர்மானம் அது. எண்ணை ஆண்டு என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

இவ்வளவும் இருந்தும் என்ன நடக்கிறது என்று தெரியும். 1995 செப்டம்பர் 22 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாகர்கோவில் பள்ளியில் விமானக் குண்டுவீச்சில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இனி தலைமையாசிரியர் செய்யக்கூடியது. தனியாகப் போய் அதிகாரியிடம் வாதாடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள், மதத் தலைவர், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவர்களோடு போங்கள். உரிமை என்று தொடங்காமல், "நீங்கள் இருக்கும்வரை எங்கள் பிள்ளைகள் மேல் குண்டு விழும்" என்று தொடங்கினால் காது கொடுக்கிற அதிகாரிகளும் உண்டு. என்று வந்தார்கள், எத்தனை அறையில் இருக்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். அவர்கள் போகும்வரை பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். "பாதிக் கட்டடம் உங்களுக்கு, பாதி எங்களுக்கு" என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மேலிருந்து பார்க்கிறவனுக்கு எது எந்தப் பாதி என்று தெரியாது.

இடம்பெயர்ந்து வந்த பிள்ளையிடம் மாற்றுச்சான்றிதழ் இல்லை. சேர்க்கலாமா?

இன்றைக்கே சேருங்கள். காகிதம் பிறகு. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, நாலு கணக்குக் கொடுத்தால் எந்த வகுப்பு என்று அரை மணியில் தெரிந்துவிடும். பிறந்த தேதிக்குத் தாயின் வாய்மொழி போதும்.

உள்ளூர்ப் பள்ளியில் இடம் இல்லாவிட்டால் காலை உள்ளூர்ப் பிள்ளைகள், மதியம் வந்த பிள்ளைகள் என்று இரண்டு ஷிஃப்ட். லெபனானில் சிரியப் பிள்ளைகளுக்காக 2013-இலிருந்து இப்படித்தான் நடந்தது. தீர்வுதான், ஆனால் சண்டையும் கூடவே வரும். மதியத்துப் பிள்ளைகள் டெஸ்க்கில் கிறுக்கினார்கள் என்று காலைப் பிள்ளைகள் புகார் சொல்வார்கள், அவர்களின் பெற்றோரும் சேர்ந்துகொள்வார்கள். வாரத்தில் ஒருநாள் இரு தரப்பையும் சேர்த்து விளையாடவைத்தால் பாதிப் புகார் குறையும்.

பொதுத்தேர்வு?

படிப்பை விடத் தேர்வுக்காகத்தான் பெரிய பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார்கள். நியாயம்தான், அதுதான் அவர்களுக்கு வெளியே போகும் கதவு. இலங்கைப் போரிலும் வினாத்தாள் கொழும்பிலிருந்து புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குப் போனது, நாடு முழுக்க ஒரே தேர்வு. உக்ரைன் 2022-இல் வழக்கமான நுழைவுத்தேர்வுகளை விட்டுவிட்டு மொழி, கணிதம், வரலாறு மூன்றையும் ஒரே நாளில் கணினியில் எழுதவைத்தது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு அங்கேயே மையம். சைரன் அடித்தால் தேர்வை நிறுத்தி, பதுங்குமிடம் போய் வந்து தொடரலாம் என்று விதியிலேயே எழுதினார்கள். காசாவில் 2023 அக்டோபருக்குப் பிறகு முதல்முறையாக 2025 ஜூலையில் பள்ளி இறுதித் தேர்வு மின்னணு முறையில் நடந்தது. கூடாரத்திலும் கஃபேயிலும் உட்கார்ந்து எழுதினார்கள்.

ஒரு பகுதிக்கென்று தனிச் சான்றிதழ் அடிக்கும் யோசனை வந்தால் இரண்டு முறை யோசியுங்கள். எல்லை தாண்டினால் அந்தக் காகிதத்தை யாரும் மதிக்கமாட்டார்கள், பையன் பத்தாவதிலிருந்து மறுபடி தொடங்குவான்.

வேற்று நாட்டுப் படை பிடித்துவைத்திருக்கும் ஊரில், அவர்கள் சொல்லும் பாடத்தை நடத்துவதா?

1949-இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 50-ஆம் பிரிவு, ஆக்கிரமிக்கும் நாடு பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்குமான நிறுவனங்கள் சரியாக இயங்க உதவவேண்டும் என்கிறது. அதை எழுதியவர்கள் மனதில், நாஜி ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்து இருந்திருக்க வேண்டும். 1940 மே மாதம் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் எழுதிய குறிப்பு ஒன்று, கிழக்கில் பிடித்த பகுதிகளின் பிள்ளைகளுக்கு நான்கு வகுப்புப் போதும் என்கிறது. 500 வரை எண்ணத் தெரிந்தால் சரி, பெயர் எழுதத் தெரிந்தால் சரி, வாசிக்கத் தெரியவேண்டியதில்லை. போலந்து ஆசிரியர்கள் அதற்கு முன்பே, 1939 அக்டோபரிலேயே, ரகசியக் கற்பித்தல் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். வீடுகளில் சின்னக் குழுவாகக் கூடிப் பள்ளி இறுதித் தேர்வுவரை நடத்தினார்கள். பிடிபட்டவர்கள் வதைமுகாமுக்குப் போனார்கள், கொல்லவும் பட்டார்கள். 1990-களில் செர்பிய ஆட்சியின் கீழ் இருந்த கொசோவோ அல்பேனியர்களும் தனியார் வீடுகளில் இணைப் பள்ளி நடத்தினார்கள்.

வெளியிலிருந்து யாருக்கும் இதைச் செய்யச் சொல்லும் உரிமை நமக்கில்லை. செய்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், இங்கே மட்டும் வருகைப் பதிவேடு எழுதாதீர்கள். வேறு எங்கும் பிள்ளையைக் காப்பாற்றும் நோட்டு இங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பெண்பிள்ளைகளை அனுப்பப் பயமாக இருக்கிறது என்கிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 14 இரவு நைஜீரியாவின் சிபோக் ஊரில் ஆயுதக் குழுவினர் 276 மாணவிகளைக் கடத்திக்கொண்டு போனார்கள். அதனால் பேசிச் சம்மதிக்கவைக்கப் பார்க்காமல், ஏற்பாட்டை மாற்றுங்கள். பக்கத்தில் வகுப்பு, பெண் ஆசிரியர், கூட்டமாகப் போய்வர ஒரு பெரியவர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, அதில் தண்ணீர். தாழ்ப்பாள் இல்லாததால் நின்ற பெண்களின் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

வகுப்பில் ஒரு பையன் பேசுவதே இல்லை. இன்னும் சிலர் குண்டு போடும் விளையாட்டே விளையாடுகிறார்கள்.

விளையாட விடுங்கள். யாரையும் அடிக்காதவரை அது அவர்கள் பார்த்ததைச் செரித்துக்கொள்ளும் வழி. பேசாத பையனை எழுப்பி, "என்ன நடந்தது, சொல்லு" என்று வகுப்பு முன் கேட்காதீர்கள். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: சாக்பீஸ் பெட்டி அவன் பொறுப்பு, தினமும் தேதி எழுதுவது அவன்தான். வாய் திறக்காமலே வகுப்பில் அவனுக்கு ஓர் இடம் உண்டாகும். சில வாரம் கழித்து, சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லவாவது அவன் பேசித்தான் ஆகவேண்டும்.

"ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆனால் என்ன செய்வோம் என்று சொல்லலாம். "சத்தம் கேட்டால் நாம் எல்லோரும் கீழே போவோம், நான் கடைசியாக வருவேன்" என்பது பிள்ளை நம்பக்கூடிய வாக்கியம். இரவில் தூங்காமல், சாப்பிடாமல் பல வாரம் போனால் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஆசிரியரும் அதே இரவில் அதே குண்டுச் சத்தத்தில் படுத்தவர்தான். வாரத்தில் ஒருநாள் ஆசிரியர்கள் மட்டும் கூடிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சண்டை நின்றுவிட்டது. மறுநாள் முதல் வேலை என்ன?

கூட்டிப் பெருக்கத் தொடங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து வளாகத்தையும், கிணற்றையும், பிள்ளைகள் வரும் ஒற்றையடிப் பாதையையும் பார்த்து முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. விளையாட்டுத் திடல் கடைசியாகத்தான் திறக்கும், பந்து உருண்டு போகிற புதர்வரை பார்க்கவேண்டும்.

முதல் நாள் பழைய பதிவேட்டை எடுத்து, எல்லாப் பெயரையும் கூப்பிடுங்கள். பதில் வராத பெயர்கள் இருக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் "அவங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க சார்", "அக்கா ஊர்ல இருக்கான் சார்" என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். சொன்னதைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அது மாறும். சில பெயருக்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அந்தப் பெயர்களை அடிக்காமல், புது ஆண்டுப் பதிவேட்டிலும் அதே வரிசையில் எழுதிவையுங்கள்.